பழைய காரில் விட்டு விட்டு வரும் என்ஜின் சத்தம்: கேள்வி பதில்

கேள்விக்கு முன்னாடி இருக்கிறது கேட்டவரோட ஊர், அடுத்து வர்றது என் பதில். கேட்கிறவங்க ஒரு உதவி செய்யுங்க. மாடல், வருஷம், ஓடிய கிலோமீட்டர் மூணையும் எழுதுங்க. சத்தம் குளிர்ந்த என்ஜினிலா சூடான என்ஜினிலா, நிக்கும்போதா ஏத்தத்திலா, ஏசி போட்டாலா கிளட்ச் மிதிச்சாலா என்பதையும் சொல்லுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி ஆயில் ஸ்டிக்கைப் பாருங்க. அளவு தெரியாம சத்தத்தைப் பத்திப் பேசிப் பயனில்லை.

தக்கலை: அண்ணாச்சி, 2012 வேகன்ஆர், 1.0 பெட்ரோல், 1,10,000 கி.மீ. காலையில ஸ்டார்ட் பண்ணதும் மூணு செகண்ட் கர்ர்னு சங்கிலி இழுக்கிற மாதிரி சத்தம். அப்புறம் நாள் பூரா இல்ல. மெக்கானிக் டைமிங் செயினை மாத்தணும்கிறார். ஆயில் சரியா இருக்கு.

உடனே செயினுக்குப் போக வேண்டாம். வால்வு திறக்கிற நேரத்தை என்ஜின் சுத்துறதோட ஒத்துப் போக வைக்கிற சங்கிலிதான் அது. இந்த என்ஜின்ல செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யுது. ராத்திரி ஆயில் கீழே இறங்கிட்டா, காலையில பிரஷர் ஏறுற வரைக்கும் செயின் தளர்ந்து கைடுல, அதாவது அது உரசி ஓடுற பட்டையில, அடிக்கும்.

ஆயில் ஏன் இறங்குதுன்னு முதல்ல பாருங்க. ஃபில்டருக்குள்ள ஒரு ரப்பர் வால்வு உண்டு, ஆயில் திரும்பிப் போகாம தடுக்கிறது அதுதான். மட்டமான ஃபில்டர்ல அந்த ரப்பர் சீக்கிரம் விறைச்சுப் போகும். கம்பெனி ஃபில்டர் வாங்கி, வாஷர்ல கொஞ்சம் ஆயில் தடவி, கையால முட்டுற வரைக்கும் திருகி, அதுக்கு மேல முக்கால் சுத்து போதும். ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம். ஆயிலும் வண்டிக் கையேட்டுல சொன்ன கிரேடுதான்.

ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. சத்தம் நின்னா, இல்ல அரை செகண்டா குறைஞ்சா, ஃபில்டர்தான் காரணம். சூடான பிறகும் ஐடில்ல வந்தாலோ, என்ஜின் லைட் எரிஞ்சு ஸ்கேனர்ல பி0016 (கிராங்கும் கேமும் ஒத்துப் போகலைங்கிற கோடு) காட்டினாலோ அனேகமா செயின் நீண்டிருக்கு. அப்போ செயின், டென்ஷனர், கைடு எல்லாத்தையும் ஒரே செட்டா மாத்தணும். தேஞ்ச கைடு மேல புதுச் செயின் போட்டா சத்தம் திரும்பி வரும்.

குளச்சல்: 2005 சான்ட்ரோ. சரியா 2000 ஆர்பிஎம் வரும்போது கிலுகிலுன்னு தகரச் சத்தம். அதைத் தாண்டினா இல்ல.

ஹீட் ஷீல்ட், அதாவது சைலென்சர் பைப் சூட்டைத் தடுக்கிற தகரம். கடல் காத்துல உப்பு ஏறி, தகரத்தைப் பிடிச்சிருக்கிற போல்ட்டும் ஸ்பாட் வெல்டும் அரிச்சுப் போகும். என்ஜின் நல்லா ஆறின பிறகு சைலென்சர் பைப் வழியா மேனிஃபோல்டு வரைக்கும் கையால தட்டிக்கிட்டே போங்க, தளர்ந்த இடம் தானே காட்டிக் கொடுக்கும். பைப்பைச் சுத்தி எவர்சில்வர் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்க. தகரத்தைப் பிடுங்கி எறிய வேண்டாம், பக்கத்துல இருக்கிற ஒயரும் ரப்பரும் வெந்துடும். தட்டும்போது, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு உள்ளே கல் உருளுற மாதிரி கேட்டா, உள்ளே இருக்கிற பீங்கான் உடைஞ்சிருக்கு. அதுக்குக் கிளிப் போதாது.

குலசேகரம்: கார்புரேட்டர் மாருதி 800, 1998. பேச்சிப்பாறை ரோட்டுல ஏத்தம் வந்தா சலசலன்னு சத்தம். ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா நின்னுடுது. ஆயில் மேல் கோட்டுல இருக்கு.

இது நாக்கிங். பாகம் எதுவும் தளரல, பிளக் பத்த வச்ச தீ வந்து சேருறதுக்கு முன்னாடியே மிச்சப் பெட்ரோல் கலவை தானா வெடிக்குது. முதல்ல ரேடியேட்டரும் ஃபேனும் சரியான்னு பாருங்க, சூடு ஏறினாலே நாக் வரும். அடுத்து ஸ்ட்ரோப் லைட் வச்சு இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடுற நேரம், பார்க்கச் சொல்லுங்க. சத்தத்தைக் காதால கேட்டே டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குக் கரண்ட் பிரிச்சு அனுப்புறது) திருப்பி வைக்கிறவர்கிட்ட விட வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற சின்ன வெயிட்டுகளும் ஸ்பிரிங்கும் துருப்பிடிச்சா டைமிங் முன்னாடியே நின்னுக்கும். பிளக் நம்பர் சரியா, கார்புரேட்டர் லீனா (பெட்ரோல் குறைவா, காத்து அதிகமா) ஓடுதா, இதெல்லாம் அதுக்குப் பிறகு. அதுவரை ஏத்தத்துல நாலாம் கியரை இழுத்துப் பிடிக்காம மூணுக்கு வாங்க. நாக்கோட தொடர்ந்து ஓட்டினா பிஸ்டன்ல ரிங் உக்காருற விளிம்பு உடையும்.

மார்த்தாண்டம்: என் கார்லயும் சத்தம் வருது. எவ்வளவு செலவாகும்?

எந்த காரு, எப்போ வருது, ஆயில் எவ்வளவு?

வடசேரி: 2009 ஸ்விஃப்ட் டீசல். ஸ்டார்டிங்ல கடகட. 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் ஊத்தினா அடங்கும்னு சொல்றாங்க, ஊத்தலாமா?

ஊத்தாதீங்க. சத்தம் கொஞ்சம் அமுங்கலாம், தேய்மானம் நிக்காது. இந்த 1.3 டீசல்ல செயின் டென்ஷனரும் ஹைட்ராலிக், வால்வு அட்ஜஸ்டரும் ஹைட்ராலிக். ரெண்டும் ஆயில் பிரஷர்ல வேலை செய்றது, ரெண்டுக்கும் ஆயில் போற துளை சின்னது. கெட்டி ஆயில் அதுல போய்ச் சேர லேட்டாகும்.

திங்கள்சந்தை: நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது. டபிள்யூவுக்கு முன்னாடி குளிருக்குச் சொன்ன நம்பரைப் பார்த்து இங்க ஏன் பயப்படணும்? நாகர்கோவில்ல என்ன பனியா பெய்யுது?

நல்ல கேள்வி, பதில் சொல்லியே ஆகணும். அந்த டபிள்யூ நம்பர் கடுங்குளிருக்கானது, உண்மைதான். ஆனா ஆயில் முழுசா இளகுறது 100 டிகிரி பக்கத்துலதான். நம்ம ஊர் காலை 25 டிகிரி அதுக்கு ரொம்பக் கீழே. 40 டிகிரியிலயே 20டபிள்யூ-50 ஆயில் 5டபிள்யூ-30-ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல கெட்டி. தினமும் ஸ்டார்ட் பண்றது அந்தக் கெட்டி நிலையில.

திங்கள்சந்தை: அம்பாசடருக்கும் 800-க்கும் 20டபிள்யூ-40 ஊத்தி லட்சக்கணக்குல ஓடுதே?

ஓடும். அந்த என்ஜின்கள்ல வால்வு கேப்பை (இடைவெளியை) ஸ்க்ரூல வைக்கிறது, ஹைட்ராலிக் வால்வு அட்ஜஸ்டர் இல்ல. அதுல நீங்க சொல்றது சரி, நானும் அதையே ஊத்தச் சொல்வேன். எல்லாப் பழைய வண்டியும் ஒண்ணுங்கிறதைத்தான் மறுக்கிறேன். கஸ்டமர் சத்தம்னு வந்தா கெட்டி ஆயில் ஊத்தி அனுப்பாதீங்க. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழட்டிட்டு கேஜ் மாட்டிப் பாருங்க, பத்து நிமிஷ வேலை. சூடான என்ஜின்ல பொதுக் கணக்கா ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ நிக்கணும். அது நிக்கலன்னா பம்ப்போ பேரிங்கோ தேஞ்சிருக்கு, அதைக் கெட்டி ஆயில் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான்.

வடசேரிக்காரருக்கு: கையேட்டு கிரேடு ஆயிலும் ஃபில்டரும் மாத்தின பிறகும் கடகட இருந்தா செயினைத் திறந்து பார்க்கணும். இதுல தள்ளிப் போடாதீங்க. செயின் பல் தாண்டினா வால்வும் பிஸ்டனும் மோதும்.

கருங்கல்: எனக்கும் காலையில மூணு செகண்ட் சத்தம். செயினா?

தக்கலைக்கு எழுதினதைப் படிங்க.

ஆரல்வாய்மொழி: மாருதி 800, ஐடில்ல டிக் டிக், ரேஸ் பண்ணா வேகமாகும். ஆயில் சரி.

டாப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அமுக்குற ராக்கருக்கும் நடுவுல உள்ள இடைவெளி. ராத்திரி ஆறின என்ஜின்ல ஃபீலர் கேஜ் வச்சு இன்டேக், எக்ஸாஸ்ட் தனித்தனியா கையேட்டு அளவுக்கு வைக்கணும். சத்தமே இல்லாம இறுக்கி வைக்கச் சொல்லாதீங்க, வால்வு சரியா மூடாம எரிஞ்சு போகும். லேசா டிக் இருக்கட்டும்.

சுசீந்திரம்: கிளட்ச் மிதிச்சா சத்தம் நிக்குது, விட்டா வருது.

என்ஜின் இல்ல. கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிச்சா வந்தா, கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்.

அருமனை: ஸ்க்ரூடிரைவரைக் காதுல வச்சுக் கேக்கலாமா?

கேக்கலாம், நீளமானதா எடுங்க. பெல்ட் பக்கம் கொண்டு போகாதீங்க. சாரம், துண்டு, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது.

பூதப்பாண்டி: அம்பாசடர் பெட்ரோல். சூடான பிறகு கீழே இருந்து டொக் டொக்னு கனமான சத்தம், ஐடில்ல ஆயில் லைட் மினுக்குது. நாகர்கோவில் வரைக்கும் ஓட்டிட்டுப் போய்க் காட்டலாமா?

ஓட்டாதீங்க. ஸ்டிக்குல ஆயில் இருந்தும் லைட் மினுக்கினா இன்னொரு தடவை ஸ்டார்ட் கூட வேண்டாம், கட்டி இழுத்துட்டுப் போங்க. அனேகமா பிக் எண்ட் பேரிங், அதாவது பிஸ்டன் ராட் கிராங்கைப் பிடிக்கிற இடத்து பேரிங். ஒர்க்‌ஷாப்ல கேஜ் மாட்டிப் பிரஷர் இருக்குன்னு உறுதியானா மட்டும் சில விநாடி ஓட விட்டு, ஒவ்வொரு பிளக் ஒயரா கழட்டிப் பார்ப்பாங்க. எந்த சிலிண்டரை நிறுத்தினா டொக் குறையுதோ அந்த ராட். சம்ப்பை (என்ஜினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டியை) கழட்டினதும் அடியில செம்பு நிறத் துகள் மின்னுதான்னு நீங்களே பாருங்க. மின்னினா பேரிங்கை மட்டும் மாத்தி மூடச் சம்மதிக்காதீங்க. கிராங்க் ஜர்னலை (பேரிங் உக்காருற இடத்தை) மைக்ரோமீட்டர்ல அளக்கணும், முட்டை வடிவமா தேஞ்சிருந்தா கிரைண்டிங் பண்ணி 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போடணும்.