பொருளாளரைக் கேட்டீர்களா?

கேள்வி: அக்கா, நானும் நண்பர்கள் ஆறு பேரும் ஒன்றரை வருடமாகக் கூடிப் பேசி, இடது வலது எதையும் சாராத புதிய கட்சி ஒன்றைத் தொடங்க முடிவெடுத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் போடுகிற கூச்சலில் சாதாரண மனிதர்களின் பேச்சு யார் காதிலும் விழுவதில்லை. கொள்கை அறிக்கை 40 பக்கத்தில் தயார். கொடிகூட வரைந்தாயிற்று. நான் தலைவர், ஒரு நண்பர் செயலாளர். பொருளாளர் இடத்தில் இப்போதைக்கு என் மனைவி பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, மறுக்கமாட்டாள். நடுநிலைக் கட்சியை மக்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பதுதான் என் கவலை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, கட்சி தொடங்கப் போகிறேன் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். மக்கள் ஏற்பார்களா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் மனைவி ஏற்பாரா என்று ஏன் யாருமே கேட்கவில்லை? ஏழு பேர் ஒன்றரை வருடம் பேசியிருக்கிறீர்கள். கொடிக்கு என்ன நிறம் என்பதற்கே எத்தனை சுற்றுப் பேச்சு நடந்திருக்கும்! வீட்டில் இருக்கிற ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்க நேரம் கிடைக்கவில்லையா?

பொருளாளர் என்றால் மேடையில் மூன்றாவது நாற்காலி என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இந்தியாவில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவின்படி, பதிவு விண்ணப்பத்திலேயே தலைவர், செயலாளரோடு பொருளாளர் பெயரும் இருக்க வேண்டும். நன்கொடை அறிக்கை தயாரிக்கும் பொறுப்பைச் சொல்கிற 29-சி பிரிவு முதலில் குறிப்பிடுவதும் பொருளாளரைத்தான். பிரிட்டனில் 2000-ம் ஆண்டுச் சட்டப்படி கட்சியின் கணக்குக்கும் நன்கொடைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் பொருளாளர். அறிக்கை தராமல் விட்டால் குற்றம் அவர் மேல் வரும். யாரோ ஒருவர் ரசீது வாங்காமல் பணம் கொடுத்துவிட்டுப் போவார். நீங்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பீர்கள். வருடக் கடைசியில் தணிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விழிக்கப் போவது உங்கள் மனைவி. அவர் சம்மதம் இல்லாமல் அந்த நாற்காலியில் அவரை உட்காரவைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

"மறுக்கமாட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இத்தனை வருடம் அவர் எதையும் மறுக்கவில்லை என்பதற்காக இதையும் மறுக்க மாட்டார் என்று முடிவு செய்துவிட்டீர்கள். கேட்டால்தானே மறுக்க முடியும்? யாருடைய பேச்சும் காதில் விழுவதில்லை என்று வருத்தப்படுகிறவர் நீங்கள். குடும்பத்தில் ஒருவர் பெயரை, உழைப்பை, சேமிப்பைப் பொதுக்காரியத்துக்கு எடுக்கலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டும். கேட்பது கணவனின் கடமை. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இது வீட்டு விஷயம், கட்சிக்கு என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது. நடுவில் நிற்கிற கட்சிக்கு ஒவ்வொரு தேர்தலிலும் வருகிற சோதனை, யாரோடு சேர்ந்து உட்காருவது என்பதுதான். ஸ்பெயினில் சியுதாதானோஸ் கட்சி 2019 ஏப்ரலில் 57 இடங்களை வென்றது. 123 இடங்கள் பெற்ற சோஷலிஸ்ட் கட்சியோடு சேர்ந்திருந்தால் 350 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மை கிடைத்திருக்கும். சேரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மறுதேர்தல். கிடைத்தது 10 இடம். தலைவர் விலகினார். தங்களுக்கு வாக்களித்தவர்கள் எதை ஏற்பார்கள், எதை ஏற்க மாட்டார்கள் என்பதை அவர்களையே கேட்டறிவது இந்த வேலையின் உயிர்நாடி. மறுக்கமாட்டார்கள் என்று தலைவரே முடிவு கட்டிவிடும் பழக்கம் வீட்டு வாசலோடு நின்றுவிடாது.

உங்கள் கேள்வியையும் விட்டுவிடவில்லை. மக்கள் ஏற்றாலும் தேர்தல் முறை ஏற்க வேண்டும். பிரிட்டனில் 1981-ல் நான்கு முன்னாள் அமைச்சர்கள் சேர்ந்து சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். 1983-ல் லிபரல் கட்சியோடு கூட்டணி வைத்து 25.4 சதவீத வாக்குகள் பெற்றார்கள். இடங்கள் 23. அவர்களைவிட இரண்டு சதவீதம் கூடுதலாக வாங்கிய தொழிற்கட்சிக்கு 209. தொகுதிக்குத் தொகுதி முதலில் வருகிறவரே வெல்லும் முறையில், எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வாக்கு வாங்கிப் பயனில்லை. பிரான்சில் மக்ரோன் 2016-ல் தொடங்கிய இயக்கத்துக்கு இரண்டு சுற்றுத் தேர்தல் கைகொடுத்தது. 2017 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் 24 சதவீதம் வாங்கியே முன்னுக்கு வந்தார், முதல் இருவர் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றில் வென்றார். ஆகவே கொடியை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் பலம் எந்தத் தொகுதியில் குவிந்திருக்கிறது என்று பாருங்கள். அறிக்கையிலும் 'இரண்டும் வேண்டாம்' என்பதைத் தாண்டி, வரி, பள்ளிக்கூடம், மருத்துவம் மூன்றிலும் என்ன செய்வீர்கள் என்று நேராக எழுதுங்கள்.

முதல் வேலை, இன்று இரவே அந்த 40 பக்கத்தையும் விண்ணப்பத்தையும் மனைவி கையில் கொடுங்கள். பொருளாளர் மேல் என்னென்ன பொறுப்பு விழும் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அன்றே பதில் கேட்டு நச்சரிக்காதீர்கள். ஒரு வாரமோ ஒரு மாதமோ அவர் எடுத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே பெயரை அடித்துவிட்டு, ஏன் என்று குடையாமல், கணக்குத் தெரிந்த, தானாக முன்வருகிற வேறொருவரைத் தேடுங்கள். சரி என்றால், அவர் போடுகிற நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொண்டு நண்பர்கள் ஆறு பேருக்கும் படித்துக் காட்டுங்கள். அதுவரை விண்ணப்பம் உங்கள் மேஜையை விட்டு நகரக் கூடாது.