வெயில் காப்பீடு: முகவர் காட்டும் வரைபடத்தை நம்பலாமா?

கேள்வி: அம்பத்தூரில் தகரக் கூரைப் பட்டறை வைத்திருக்கிறேன். மே மாதத்தில் சூடு தாங்காமல் ஆட்கள் வருவதில்லை. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் தொடர்ந்து மூன்று நாள் 42 டிகிரி பதிவானால் பணம் தரும் காப்பீடு ஒன்றை முகவர் கொண்டுவந்தார். நாலு வருஷத்துக்கு ஒருமுறை நிச்சயம் வரும் என்று வரைபடம் காட்டுகிறார். போடலாமா?

பதில்: வரைபடத்தில் எதைப் புள்ளி வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஒவ்வோர் ஆண்டின் ஒரே ஒரு உச்ச வெப்பநிலையை எடுத்துக் கோடு வரைந்திருப்பார்கள். புள்ளியியலில் அது முறையான வழிதான். ஆனால் ஒரு நாள் எவ்வளவு ஏறும் என்பதைத்தான் அது சொல்லும். உங்களுக்குப் பணம் வரவோ மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஏற வேண்டும்.

சென்னையில் மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாளில்தான் 42 எல்லாம் வரும். மறுநாள் கடற்காற்று முற்பகலிலேயே புகுந்துவிட்டால் சூடு அதோடு நின்றுவிடும். 43, 41.8, 43 என்று மூன்று நாள் வறுத்தெடுத்தாலும் ஒரு பைசா பெயராது. அதற்காக ஒரு நாளின் வாய்ப்பை அதனாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி, மூன்று நாளுக்கான வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. கடும் வெயில் நாட்கள் கொத்தாகத்தான் வரும். நுங்கம்பாக்கத்தின் தினசரிப் பட்டியலை வாங்கி, மூன்று நாள் தொடர்களை நீங்களே எண்ணுங்கள். கடலிலிருந்து இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் நிலையத்தின் கணக்கைக் கலந்து காட்டுவது பழைய தந்திரம். 2003 மே இறுதியில் 45 டிகிரி வந்ததே என்பார்கள். அதை வைத்து மூன்று நாள் தொடரைக் கணக்குப் போட முடியாது.

‘நாலு வருஷத்துக்கு ஒருமுறை’ என்பதை அப்படியே ஒத்துக்கொண்டாலும், வருஷத்துக்கு நூற்றுக்கு 25 வாய்ப்பு என்றுதான் பொருள். நாலு வருஷம் கட்டியும் எதுவும் வராமல் போக நூற்றுக்கு 32 வாய்ப்பு உண்டு. இதில் நிச்சயம் எங்கே இருக்கிறது?

வெப்ப அலை அறிவிப்பு வந்தாலே பணம் வரும் என்றும் சிலர் அளப்பார்கள். கடலோர நிலையங்களுக்கு வானிலைத் துறையின் அளவுகோல் வேறு: குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் மார்ச் மாத வழக்கம் 33-ஐ ஒட்டியது. அப்போது 38 வந்தாலே அளவைத் தாண்டிவிடும். மே மாதத்தில் வழக்கமே 37-ஐ ஒட்டி இருப்பதால், அதே அளவுகோலுக்கு 41.5 தேவைப்படும். ஆக, மார்ச்சில் அறிவிப்பு வந்து டிவியில் ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் 42 கண்ணிலேயே பட்டிருக்காது. பாலிசிக்கு 42 மட்டும்தான் கணக்கு.

பூமி சூடாகிறது, இனி அடிக்கடி வரும் என்பது உண்மை. பழைய ஆண்டுகளை மட்டும் வைத்துப் போட்ட கோடு அந்த ஏற்றத்தைக் குறைத்தே காட்டும். ஆனால் கம்பெனிக்கும் இது தெரியும், பிரீமியத்தில் அதைச் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று. வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர் புல்தரைக்கு மேலே, நெஞ்சு உயரத்தில், காற்றுப் புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. உங்கள் தகரத்தடியில் வேகும் சூடு அதற்குத் தெரியாது. இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தர இந்தக் கம்பெனிக்காரர்களுக்கு என்ன கேடு என்று தெரியவில்லை. நிபந்தனைகள் எப்போதும் பொடி எழுத்து ஆங்கிலத்தில்தான்.

எந்த நிலையம், எத்தனை நாள், கடந்த ஆண்டுகளில் எப்போதெல்லாம் பணம் வந்திருக்கும்: இந்த மூன்றையும் கம்பெனியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். முகவர் மழுப்பினால், இந்த வருஷப் பிரீமியத்தைக் கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் செலவழியுங்கள்.