பேகன் குழுக்கள் ஏன் உடைகின்றன? – கேள்வி பதில்

இருபது வருடமாக இங்கிலாந்தில் பேகன் கூடுகைகளுக்குப் போய்வருகிறேன். அங்கே நடக்கும் சண்டைகளைப் பற்றியும், யாரும் எதையும் எடுத்துச் செய்யாத சோர்வைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: அக்கா, பேகன் என்றால் சாத்தானை வணங்குபவர்களா? (கோவை)

இல்லை தம்பி. சாத்தான் கிறிஸ்தவத்தின் பாத்திரம். இவர்கள் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களையும் பருவச் சடங்குகளையும் இன்றைக்கு மீட்டெடுப்பவர்கள். மாந்திரீகத்தை மார்க்கமாகக் கொண்ட விக்கா, பழைய கெல்டியப் பூசாரிகளின் பெயரில் இயங்கும் ட்ரூயிட், வட ஐரோப்பியத் தெய்வங்களைக் கும்பிடும் ஆசாத்ரூ என்று பல வழிகள் உண்டு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதினார்கள்.

கே: இந்தச் சண்டைகள் இணையம் வந்த பிறகு தொடங்கியவையா? (திருச்சி)

தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. பிரிட்டனில் பழைய மாந்திரீகச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. அதன்பின், விக்காவை உருவாக்கிய ஜெரால்டு கார்ட்னர் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். 1953-இல் அவரிடம் தீட்சை பெற்று, அவர் குழுவின் தலைமைப் பூசாரிணி ஆனவர் டோரீன் வாலியன்டி. சடங்குப் பாடல்களைத் திருத்தி எழுதி, விக்காவுக்கு இன்றுள்ள மொழியழகைக் கொடுத்தவர் அவர்தான். கார்ட்னருக்கோ பத்திரிகை விளம்பரத்தில் ஆசை. நிருபர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெளியே தெரிந்தால் வேலை போகும் என்ற பயத்தில் வாழ்ந்த உறுப்பினர்களை அது கலங்கடித்தது. வாலியன்டியும் சிலரும் சேர்ந்து, யார் எதைப் பேசலாம் என்று சில விதிகளை எழுதி நீட்டினார்கள். 'விதிகள் ஏற்கெனவே உள்ளன' என்று கார்ட்னர் ஒரு 'பண்டைய சட்டத்' தொகுப்பை எடுத்துக் காட்டினார். தலைமைப் பூசாரிணி தக்க காலத்தில் இளையவளுக்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டும் என்றும் அதில் இருந்தது! இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று வாலியன்டிக்குச் சந்தேகம் வந்தது. 1957-இல் பிரிந்துவிட்டார்.

எனக்கு இந்தக் கதை மனசை உறுத்திக்கொண்டே இருக்கும். ஒரு கேள்வி எழுந்தபோது அதை உட்கார்ந்து பேச வழி இல்லை. பழமையின் பெயரால் வாயை அடைத்தார்கள். பின்னால் நான் பார்த்த முறிவுகளில் பெரும்பாலானவை இதே அச்சில் வார்த்தவைதான்.

கே: எல்லாருக்கும் பொதுவாக ஒரு அமைப்பு வைத்துக்கொண்டால் என்ன? (யாழ்ப்பாணம்)

முயன்றார்கள். 1974-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் 73 பேர் ஒரு மன்றமாகக் கூடி 13 கொள்கைகளை வகுத்தார்கள். அந்த மன்றம் அதே ஆண்டில் கலைந்தது. வேதநூலும் தலைமைப் பீடமும் இல்லாத மார்க்கத்தில் 'இதுதான் நம் வழி' என்று யார் சொல்வது? அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் பலர் இங்கே வருகிறார்கள். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவும் முடியாது.

கே: சண்டையைவிடச் சோர்வுதான் பெரிய நோய் என்று முன்பு எழுதினீர்களே அக்கா? (மதுரை)

ஆமாம், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் போய்வந்த ஒரு மாதக் கூடுகை பப் ஒன்றின் மாடி அறையில் நடக்கும். முப்பது பேர் வருவோம். அறைக்குச் சொல்வது, நாற்காலி போடுவது, புதியவரை வரவேற்பது எல்லாம் ஒரே அம்மா, ஒன்பது வருடம். சடங்கு நீளம், மெழுகுவத்தி சரியில்லை என்று குறை சொல்ல ஆள் இருந்தது. நாற்காலியை மடிக்க ஆள் இல்லை. அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் மூன்று மாதம் அறை பூட்டியே கிடந்தது. நானும் அந்த முப்பதில் ஒருத்திதான், சும்மா இருந்தவள்தான். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

இரண்டு பேர் முப்பது பேரின் பாரத்தைச் சுமக்கும்போது அந்த இருவருக்குள் எரிச்சல் மூளும். அதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் 'தலைமைச் சண்டை' என்கிறார்கள்.

கே: அரசு உதவி கிடைத்தால் இதெல்லாம் சரியாகுமா? (சென்னை)

ஐஸ்லாந்தைப் பாருங்கள். அங்கே ஆசாத்ரூ சங்கம் 1972-இல் தொடங்கி, மறு ஆண்டே அரசின் அங்கீகாரம் பெற்றது. உறுப்பினர் கணக்குப்படி அரசு பணம் தருகிறது. இன்று 5,000 பேருக்கு மேல். அங்கேயும் 2002-இல் நிர்வாகத்தோடு மோதல் முற்றி, தலைமைப் பூசாரி பதவி இழந்தார். ஆனால் பதவியிலிருந்து இறக்க ஒரு முறை இருந்தது, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கவும் முறை இருந்தது. சங்கம் உடையவில்லை. ரெய்க்யவிக்கில் 2015-இல் தொடங்கிய கோயில் வேலை மட்டும் வருடக்கணக்காக இழுத்தது.

கே: ஒற்றுமைக்காகச் சில விஷயங்களைப் பேசாமல் விடலாமே? (கொழும்பு)

எல்லாவற்றையும் விடக் கூடாது. வெள்ளையருக்கு மட்டுமே இந்தத் தெய்வங்கள் என்று அமெரிக்காவில் ஓர் ஆசாத்ரூ அமைப்பு சொன்னபோது, 2016-இல் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து '127 பிரகடனம்' என்று கையெழுத்திட்டு விலகிக்கொண்டன. ஹாவமால் என்ற வட ஐரோப்பியப் பழம்பாட்டில், தீமையைக் கண்டால் தீமை என்று சொல் என்கிற 127-ஆம் செய்யுளிலிருந்து அந்தப் பெயர். அந்தப் பிரிவு நல்ல பிரிவு.

கே: நான் லண்டனுக்குப் படிக்க வருகிறேன். ஒரு குழுவில் சேரலாமா, எதைப் பார்க்க வேண்டும்? (சேலம்)

தாராளமாக வாம்மா. ஐசக் போன்விட்ஸ் என்ற அமெரிக்க ட்ரூயிட் 1979-இல் ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டார். தலைவரின் கட்டுப்பாடு, பணம், விலகுவோரைத் தடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் குழுவுக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம். அதை வாசித்துவிட்டுப் போ. விலகிப்போனவர்களைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனி. முதல் மாதமே பெரிய ரகசியம் தருகிறேன் என்பவரிடம் போகாதே. கூடுகை முடிந்ததும் கோப்பைகளைக் கழுவ யார் எழுந்து போகிறார்களோ, அவர்கள் பக்கத்தில் போய் நில்.