கிளிநொச்சித் தம்பிக்கு: கவர் விலையோடு மல்லுக்கட்ட வேண்டாம்

தம்பி, முகநூலில் போன் கவர் விற்கிறீர்கள், வாடிக்கையாளர் சீன இணையக் கடையான அலிஎக்ஸ்பிரஸைக் காட்டி "அங்கே பாதி விலைதானே" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். கவரில் அவர்களை வெல்ல முடியாது, விட்டுவிடுங்கள்.

காத்திருக்க முடியாத சாமானைப் பிடியுங்கள். போன சிறுபோகத்தில் விசுவமடுவிலிருந்து ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: வோட்டர் பம்ப் சீல் (தண்ணீர் ஒழுகாமல் அடைக்கிற வளையம்) போய்விட்டது, வயல் காய்கிறது. சீனாவிலிருந்து சீல் வருமட்டும் பயிர் நிற்குமா? பழைய சீலை அடிமட்டத்தோடு வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அளவு பார்த்து எடுத்து, பரந்தனால் முல்லைத்தீவு போகிற பஸ்ஸில் நடத்துனரிடம் கொடுத்துவிட்டேன். பின்னேரம் பம்ப் ஓடியது. மனிதர் பேரம் பேசவே இல்லை.

அந்தப் பாதி விலையையும் முழுதாக நம்பாதீர்கள். சுங்கத்தில் வரி விழுந்தால் கணக்கு மாறும். 2024 ஜனவரி முதல் வற் (பெறுமதி சேர் வரி) மட்டுமே 18 வீதம். இதை வாடிக்கையாளருக்கும் சொல்லுங்கள்.

அப்புறம், பிழையான சாமான் வந்தால் மாற்றித் தருவேன் என்று பக்கத்தின் மேலேயே போடுங்கள். காசைச் சாமான் கைக்குப் போன பிறகு வாங்கலாம், கார்ட் இல்லாத வீடுகள் இங்கே நிறைய. ஆனால் அனுப்பமுன் போனில் பேசி உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் பார்சல் திரும்பி வரும், கூரியர் காசு உங்கள் தலையில். எனக்கு ஒரே மாதத்தில் நான்கு வந்தன.