பெரியவர்களுக்குத் தட்டம்மை: டாக்டரின் பதில்கள்

கேள்வி (கோவை): வயது 34. நாலு நாள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. நேற்று காதோரம் தொடங்கிய தடிப்பு இன்று மார்பு வரை இறங்கிவிட்டது. ஐஜிஎம் (தட்டம்மைக் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ். தட்டம்மை இல்லைதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். தடிப்பு வந்த முதல் மூன்று நாளில் ரத்தம் எடுத்தால் நாலு பேரில் ஒருவருக்கு நெகட்டிவ் வரலாம். தொண்டைச் சளியில் பிசிஆர் (கிருமியையே தேடும் டெஸ்ட்) பாருங்கள். மூன்று நாள் கழிந்ததும் ரத்தம் மறுபடி கொடுங்கள். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறம் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடத்தில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தால் கிட்டத்தட்ட முடிவு தெரிந்த மாதிரிதான். ஆனால் அவை சீக்கிரம் மறைந்துவிடும். கல்லீரல் என்சைம் ஏறியிருந்தால் காமாலை என்று கீழாநெல்லிக்குப் போய்விடாதீர்கள். பெரியவர்களுக்குத் தட்டம்மையிலேயே அது ஏறும்.

போன் செய்து சொல்லிவிட்டு கிளினிக் போங்கள். வரிசையில் உட்காராதீர்கள். நீங்கள் எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அங்கே காற்றில் இருக்கும்.

கேள்வி: சின்னம்மை வந்தவருக்குத் தட்டம்மை வருமா?

பதில்: வரும். வேறு கிருமி.

கேள்வி (லேப் டெக்னீஷியன்): நாங்கள் நெகட்டிவ் என்றால் நெகட்டிவ்தான். ஏன் லேப் மேல் பழி?

பதில்: பழி லேப் மேல் இல்லை, ரத்தம் எடுத்த நாள்மேல். இரண்டு டோஸ் தட்டம்மைத் தடுப்பூசி போட்டவருக்கு ஐஜிஎம் ஏறாமலே போகலாம். தடிப்பு வரவைக்கும் இன்னொரு கிருமியான பார்வோ வைரஸ் தொற்றில் தப்பாக பாசிட்டிவும் வரும். ரிப்போர்ட்டைத் தடிப்பு வந்த தேதியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதே நபர்: அந்தத் தேதியை எந்த டாக்டர் சார் ஃபார்மில் எழுதுகிறார்?

பதில்: சரி, அதில் நியாயம் உங்கள் பக்கம்தான்.

கேள்வி (நியூஜெர்சி): 1962-இல் இங்கே பிறந்த பக்கத்து வீட்டுக்காரருக்குத் தடிப்பு உள்ளங்கையில் தொடங்கியது. தட்டம்மையாக இருக்குமா?

பதில்: நல்ல கேள்வி. அமெரிக்காவில் 1963 முதல் 1967 வரை, கொன்ற கிருமியில் செய்த ஊசி சிலருக்குப் போடப்பட்டது. அவர்களுக்குப் பிறகு தட்டம்மை வந்தபோது எல்லாம் தலைகீழ்: தடிப்பு கை கால் நுனியில் தொடங்கி உடலுக்கு ஏறும், நிமோனியா வரும். உண்ணி கடித்து வரும் ராக்கி மலைக் காய்ச்சல் என்று குழம்பினார்கள். இன்று அது மிக அபூர்வம். உள்ளங்கைத் தடிப்பு என்றால் மருந்து ஒவ்வாமை, சிபிலிஸ், உண்ணிக் காய்ச்சல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: சிறுநீரகம் மாற்றியவர் நான். பையனுக்குத் தட்டம்மை. எனக்கு இருமல் மட்டும், தடிப்பு இல்லை.

பதில்: தடிப்புக்காகக் காத்திருக்காதீர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவருக்கு அது வராமலே நிமோனியா வரும். மாற்று அறுவை செய்த டாக்டரை இன்றே கூப்பிடுங்கள். முதலில் போனில்.

கேள்வி: அம்மைக்கு டாக்டரிடம் போகக்கூடாது, வேப்பிலை போதும் என்கிறார் மாமியார்.

பதில்: வேப்பிலை இருக்கட்டும், மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரி. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: போன் செய்துவிட்டு.