கொய்யா மரத்து அணிலைப் படம்பிடிக்க

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கொய்யா மரத்துக்கு நாள்தோறும் அணில்கள் வருகின்றன. கேமராவை எடுத்தாலே ஓடிவிடுகின்றன. தப்பித் தவறிக் கிடைக்கும் படமும் கலங்கலாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதுகில் மூன்று வெளிர்கோடுகள் கொண்ட அந்த அணில், நம் திடீர் அசைவுக்கே பெரிதும் அஞ்சுகிறது என்பதால், அதைத் துரத்திச் செல்லாமல், பழுத்த பழம் தொங்கும் கிளைக்குச் சில அடி தள்ளி, காலை வெயில் உங்கள் முதுகில் விழும்படி முன்கூட்டியே உட்கார்ந்துவிடுங்கள். வாலை வெடுக்வெடுக்கென்று உதறியபடி ஓயாமல் கீச்சிட்டால், உங்களைக் கண்டுகொண்டது என்று பொருள். அசையாதிருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். பிறகு அது பின்னங்கால்களில் குந்தி, முன்னங்கால்கள் இரண்டாலும் பழத்துண்டை ஏந்திக் கொறிக்கும் சில விநாடிகளே உங்களுக்கு வேண்டியவை; அந்த அழகுக்காக எத்தனை மணி நேரமும் காத்திருக்கலாம்.

கலங்கலுக்குப் பெரும்பாலும் ஷட்டர் வேகம் (கேமராவுக்குள் ஒளியை விடும் திரை திறந்து மூடும் வேகம்) போதாமையே காரணம். 1/1000 விநாடி அளவில் வைத்து, வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வு அளவைக் கூட்டி, அணிலின் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் 300 மி.மீ. லென்ஸ் இருந்தால் நெருங்கிப் போகத் தேவையிராது.

பிஸ்கட்டும் உப்புக்கடலையும் வைத்து வரவழைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நாரும் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூடு கண்ணில் பட்டால், குட்டிகள் இருக்கக்கூடும் என்பதால், அந்தப் பக்கமே கேமராவைத் திருப்பாதீர்கள்.