கந்தோரில் சேர்வர் வைத்தால் கடிதம் பத்திரமா?

கேள்வி: உப்புவெளியில் சிறிய கந்தோர் ஒன்றில் ஐந்து பேர் வேலை செய்கிறோம். காணிப் பிணக்கில் சிக்கிய குடும்பங்கள் தந்த வாக்குமூலங்கள் எங்கள் மின்னஞ்சலில்தான் இருக்கின்றன. மின்னஞ்சலை வாங்கி, தேக்கி, அனுப்பும் கணினியான சேர்வரைச் சொந்தமாகக் கந்தோரிலேயே வைத்தால் அரசாங்கம் எட்டிப் பார்க்க முடியாது, எட்டு இலட்சம் ரூபா ஆகும் என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: இப்போதைக்கு அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம்.

சொந்த சேர்வரில் ஒரு நன்மை உண்டு. கடிதங்கள் வேறொரு கொம்பனியிடம் இருந்தால், பொலிஸ் கேட்டதும் அவர்கள் கொடுத்ததும் உங்களுக்குத் தெரியாமலே போகலாம். உங்களிடம் இருந்தால் உங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டும். ஆனால் உங்கள் சட்டத்தரணி ஜிமெயில் வைத்திருந்தால் அவருக்கு எழுதியதன் பிரதி கூகுளிடம் இருக்கும். உங்கள் ஐந்து பேருடைய போன்களிலும் அதே கடிதங்கள் இருக்கும். இதையெல்லாம் வந்தவர் சொல்லியிருக்க மாட்டார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, விசாரணைக்காக நீதவானின் ஆணையோடு தொடர்பாடலை இடைமறிக்கலாம். அவசரம் என்றால் ஆணை இல்லாமலும் செய்யலாம். அந்த அவசரத்தைத் தீர்மானிப்பவர் யார்? தேட வருபவரேதான். இத்தனை வருடமாக இதைத் திருத்துங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

சரி, சேர்வரைத் தூக்கிக்கொண்டு போனால்? டிஸ்க் முழுவதையும் மறைகுறியாக்கி வைத்தால் கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாது. இது உண்மை. ஆனால் மெஷின் அணைந்திருந்தால்தான் அந்தக் காவல். ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் திறந்தே இருக்கிறது, அதைத் திறக்கும் சாவியும் மெமரியில் இருக்கிறது. சேர்வர் என்பது இரவு பகலாக ஓடும் மெஷின். யூபிஎஸ் பட்டரியும் பூட்டிவிடுவார்கள், கரண்ட் போனாலும் உடனே அணையாது. அணைந்தாலோ, திரும்ப வரும்போது யாராவது போய்க் கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு கரண்ட் போனால் திங்கள் காலை வரை கடிதம் வராது. இந்தக் கரைச்சலைத் தவிர்க்க, சாவியை ஒரு யூஎஸ்பியில் போட்டு சேர்வரிலேயே செருகி வைத்துவிட்டுப் போவார்கள். கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்ட கதைதான். யாராவது பொருத்த வந்தால் முதலில் கேளுங்கள்: “கரண்ட் போய் வந்தால் தானாகத் திறக்குமா?” ஆம் என்றால் அந்த மறைகுறியாக்கத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இதைவிட எனக்குப் பயம் பொருத்துபவரைப் பற்றித்தான். ஒரு கந்தோருக்கு உதவப் போனபோது, டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்), சேர்வரைப் பொருத்தியவரின் பெயரில் பதிவாகி இருந்ததைப் பார்த்தேன். நிர்வாகக் கடவுச்சொல்லும் அவரிடம் மட்டும். கொடுப்பனவில் சண்டை வந்ததும் மூன்று கிழமை ஒரு கடிதமும் வரவில்லை. அந்த ஆளிடம் யாரும் எதையும் கேட்டு மிரட்டலாம். அவர் உங்கள் கடிதங்களைத் திறந்து கொடுக்கலாம். அரசாங்கத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு முன்பின் தெரியாதவரிடம் எல்லாச் சாவியையும் கொடுத்து விடுகிறோம்.

இன்னொன்று: சாதாரண இணைப்பின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்த இணைப்பைக் காட்டும் இலக்கம், அடிக்கடி மாறும். அங்கிருந்து போகும் கடிதத்தை ஜிமெயில் போன்றவை ஸ்பாமில் போடும், அல்லது வாங்கவே மாட்டா.

அப்போ என்ன செய்வது? வாக்குமூலங்களை மின்னஞ்சலில் தேக்கி வைக்காதீர்கள். இறக்கி, மறைகுறியாக்கிய இரண்டு வெளி டிஸ்க்குகளில் வைத்து, வெவ்வேறு இடங்களில் பூட்டி வையுங்கள். அந்த டிஸ்க் வேலை முடிந்ததும் கழற்றப்படும். சேர்வரால் முடியாதது அதுதான். அப்புறம் மின்னஞ்சலிலும் போன்களிலும் உள்ளதை அழித்துவிடுங்கள். சட்டத்தரணியோடு எழுத தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பாவியுங்கள். கடிதத்தை மறைகுறியாக்கும் ஓபன்பிஜிபி 2020இலிருந்து அதற்குள்ளேயே வருகிறது, இலவசம். இரண்டு பக்கமும் பாவித்தால் கடிதத்தின் உள்ளடக்கத்தைக் கூகுளாலும் வாசிக்க முடியாது. யார் யாருக்கு எப்போது எழுதினார்கள் என்பது மட்டும் தெரியும். சாட்சிகளின் முகவரிக்கு நேரடியாக எழுதாதீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே டொமைன் இருந்தால், அது யார் பெயரில் இருக்கிறது என்று இந்தக் கிழமையே பாருங்கள்.